கட்டைவிரலுக்கு அடியில் ஒரு ‘என்றாள்’

கதைப் பக்கத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் ‘என்றான்’, ‘என்றாள்’ பற்றி ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். மழைக்கு முன்பு கேட்டிருந்தால் அரைப் பக்கத்தில் முடித்திருப்பேன். ‘சும்மா என்றான் என்று போடுங்கள், கர்ஜித்தான், கொக்கரித்தான் எல்லாம் வேண்டாம்’ என்று எழுதிவிட்டு மீன் கழுவப் போயிருப்பேன்.

இப்போது அப்படி முடியவில்லை. போன மாத மழையில் என் மகள் டிலானி ஏறிய பஸ், நாவுலைக்கும் நாலந்தாவுக்கும் நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டது. ஒரு பகல் முழுக்க, அவள் இருக்கிறாளா இல்லையா என்பது, யாரோ சொன்னதாக வேறு யாரோ வந்து சொன்ன வார்த்தைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் போன் மணி அடித்தால் கை ஈரத்தோடு ஓடுகிறேன். அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல எனக்கு வராது. ஆனால் வரிசையாக வருகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறவரை நம் தொழிலில் யாரும் இரண்டாம் தடவை கூப்பிடுவதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் நம் இதழின் அலுவலகம் மாத்தளை டவுனில் அதே தேத்தண்ணிக் கடைக்கு மேலேதான் இருந்தது. ஆசிரியர் என்னைவிட வயதில் இளையவர். உத்தியோகத்துக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். மாத்தளையில் பிறந்து வளர்ந்தும் வீட்டுப் பேச்சை அவர் விடவில்லை. நான் அவரை சார் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். யாருக்கு யார் மேலதிகாரி என்பது நான் கண் பிரச்சினையால் ஓய்வு வாங்கும்வரை தீர்மானமாகவில்லை.

எந்தக் கதையும் அச்சுக்குப் போகுமுன் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வாய்விட்டு வாசிப்போம். பேச்சு வந்ததும் அவர் ‘என்றான்’ இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் மூடுவார்.

"இப்ப ஆர் கதைக்கிறது அக்கா?"

எனக்குத் தெரிந்தால் அந்த ‘என்றான்’ போய்விடும். தெரியாவிட்டால் இருக்கும். இருக்க வேண்டிய இடத்தில் இருந்தும், அந்தப் பேச்சை யார் வேண்டுமானாலும் பேசியிருக்கலாம் என்று தோன்றினால் கதை எழுதியவருக்கே திரும்பிப் போகும். பேச்சுக்குள் ஆள் இல்லை என்பது அவர் தீர்ப்பு. அந்தக் கட்டைவிரலுக்குப் பயந்தே சிலர் எங்களுக்குக் கதை அனுப்புவதை விட்டுவிட்டு கவிதைக்குப் போனார்கள்.

பயப்படாதவர் சேவியர் அண்ணன். நாலந்தாவில் ஏ9 வீதியோரம் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். பகலில் ஆணியும் சீமெந்தும் விற்பார், கிடைத்த நேரத்தில் கதை எழுதுவார். அவர் கதைகளில் யாரும் எதையும் சும்மா சொல்ல மாட்டார்கள். "தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கர்ஜிப்பார் மாமனார். "சீனி வேணாம்" என்று விம்முவாள் மருமகள். "பஸ் போயிடுச்சு" என்று குமுறுவான் ஒரு பையன். நாங்கள் ஒரு தடவை எல்லாவற்றையும் ‘என்றார்’, ‘என்றாள்’ என்று மாற்றி அச்சிட்டோம். இதழ் கைக்குக் கிடைத்ததும் மனிதர் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டார்.

"என்ன தங்கச்சி இது? என் ஆளுங்க எல்லாரையும் ஊமையாக்கிட்டீங்க!"

"பேசுறாங்களே அண்ணே."

"பேசுறாங்க. உணர்ச்சி எங்க? நான் போட்ட கர்ஜனை எங்க? எல்லாத்தையும் வழிச்சு எடுத்துட்டு ‘என்றார், என்றார்’னு... கறி இல்லாம சோறு வச்ச மாதிரி கெடக்கு."

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அண்ணை, ஒருக்கா எழும்பி நில்லுங்கோ. நீங்கள் எழுதினபடியே செய்து காட்டுங்கோ. ‘தேத்தண்ணி குடிக்கிறீங்களா?’ கர்ஜியுங்கோ பாப்பம்."

"இங்கயா?"

"இஞ்சதான்."

சேவியர் அண்ணன் பின்வாங்குகிறவர் அல்ல. இயேசுவின் பாடுகளைக் காட்டும் கோயில் பாஸ்கா நாடகத்தில் வருடா வருடம் அரசன் வேஷம் கட்டிய தொண்டை அது. மூச்சை இழுத்து விட்டார் ஒரு கர்ஜனை. மேசையிலிருந்து பேனை உருண்டு விழுந்தது. கீழே கடையில் கரண்டிச் சத்தம் அடங்கியது. மரப்படியில் தடதடவென்று காலடி கேட்டது. கடை முதலாளியே ஒரு தட்டில் பிளேன்டீக்களோடு வந்து வாசலில் நின்றார்.

"ஏசாதீங்க சார், கொண்டாந்துட்டேன்."

"இப்ப விம்முங்கோ அண்ணை" என்றார் ஆசிரியர். "‘சீனி வேணாம்.’"

அண்ணன் ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு அவரே சிரித்தார். நாங்களும் சிரித்தோம். கடை முதலாளி மட்டும் சிரிக்காமல் இறங்கிப் போனார்.

நீங்கள் எத்தனையோ எழுத்துப் பட்டறைகளுக்குப் போயிருப்பீர்கள். இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. பேச்சில் கர்ஜனை இல்லையென்றால் அதை ‘கர்ஜித்தார்’ கொண்டுவந்து தராது. பேச்சிலேயே இருந்தால் ‘கர்ஜித்தார்’ வேண்டியதில்லை. இரண்டும் முட்டிக்கொள்ளும்போது வாசகருக்குச் சிரிப்பு வரும். சிரிப்புத்தான் வேண்டுமென்றால் தாராளமாகப் போடுங்கள்.

ஆனால் பாடம் கற்றவர்தான் ஆபத்தானவர். அண்ணனின் அடுத்த கதையில் மருந்துக்குக்கூட ஒரு ‘என்றான்’ இல்லை. ஒரு கணவனும் மனைவியும் இரண்டு பக்கத்துக்கு மாறி மாறிப் பேசுகிறார்கள். கணவன் பேச்சு எனக்கு, மனைவி பேச்சு சாருக்கு என்று பிரித்துக்கொண்டு வாசித்தோம். நடுவில் எங்கேயோ மனைவி அடுத்தடுத்து இரண்டு வரி பேசியிருக்கிறாள். எங்கள் இருவருக்கும் அது தெரியவில்லை. அதற்குப் பிறகு ஆள் மாறிவிட்டது. கடைசி வரியில் கணவனாகிய நான் தலையைக் குனிந்து, "மூணு மாசங்க" என்று வாசித்தேன்.

ஆசிரியர் தாளைக் கீழே வைத்தார். "வாழ்த்துக்கள் அக்கா. வீட்டில சொல்லிட்டியளோ?"

ஆகவே ‘என்றான்’ போடுவதற்கு வெட்கப்படாதீர்கள். வாசகரின் கண் அதில் நிற்பதில்லை, தாண்டிப் போய்விடும். அது இல்லாத இடத்தில்தான் தடுக்கி விழும். இரண்டு பேர் பேசும்போது நாலைந்து வரிக்கு ஒரு தடவை ஆளைக் காட்டுங்கள். மூன்று பேர் என்றால் இன்னும் சீக்கிரம். நம் மொழியில் ‘என்றான்’ பேச்சு முடிந்த பிறகு வந்து சேர்கிறது. ஒரு பெரிய பத்தியை முழுக்கப் பேசவிட்டு, கடைசியில் ‘என்றார் பாதர்’ என்று முடித்தால், அதுவரைக்கும் வாசகர் அதைக் கங்காணியின் குரலில் வாசித்துக்கொண்டிருப்பார். நீளமான பேச்சென்றால் ஆளை முன்னால் நிறுத்திவிட்டுப் பேசச் சொல்லுங்கள்.

‘என்றான்’ வேண்டாம், ‘கர்ஜித்தான்’ வேண்டாம் என்றதும் சிலர் செயலில் இறங்குகிறார்கள். பேசுகிறவர் நெற்றியைத் துடைக்கிறார், கேட்பவர் ஜன்னலைப் பார்க்கிறார், இருவரும் தேத்தண்ணி குடிக்கிறார்கள். நல்ல வழிதான். அளவு வேண்டும். அண்ணனின் மூன்றாவது கதையில் குடித்த தேத்தண்ணிக்கு ஒரு தோட்டத்தின் கொழுந்து முழுவதும் போதாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது சிரிப்புக்கு இல்லை. எங்களுக்கு வந்த கதைகளில் தோட்டத்துத் துரை பேசினால் ‘என்றார்’ என்று இருக்கும். தொழிலாளர் லயத்தில் இருக்கும் கிழவர் பேசினால் ‘என்றான்’. எழுதியவர் தொழிலாளர் பக்கம் நின்று ஆவேசமாக எழுதியிருப்பார், ஆனால் அந்தக் கடைசி எழுத்து துரைக்கு எழுந்து நின்று வணக்கம் வைத்துக்கொண்டிருக்கும். அதைக் கண்டால் ஆசிரியருக்குச் சிரிப்பும் வராது, கோபமும் வராது. பென்சிலை எடுத்துக் கிழவரின் ‘ன்’ஐ ‘ர்’ ஆக்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். நீங்களும் அப்படியே செய்யுங்கள், எழுதியவரைக் கேட்டுக்கொண்டு.

இனி மழைக்கு வருகிறேன்.

டிலானி நாவுலையில் ஒரு பாடசாலையில் தொண்டராசிரியை. தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். நான் பயந்த சுபாவம் உள்ளவள். அவள் பையில் எப்போதும் ஒரு டோர்ச், ஒரு விசில், மெழுகுதிரி, மாற்று உடுப்பு, ஒரு பக்கட் கிரீம் கிராக்கர் பிஸ்கட் இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். அதற்கு அவள் வைத்திருக்கும் பெயர் ‘நிவாரணப் பொதி’. அன்று காலையில் குசினி வாசலில் நின்று அந்த பிஸ்கட் பக்கட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"அம்மா, இது என் புதுநன்மைக்கு வாங்கினதா?"

அவள் புதுநன்மை, அதாவது கோயிலில் முதல் நற்கருணை, வாங்கியது மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது.

"இருந்துட்டுப் போகட்டுமே, பாரமா?"

"பாரம் இல்ல. கடிச்சா பல்லு போகும்."

"மழை இருட்டிட்டு வருது, பாத்துப் போ. ஏதும் நடந்தா..."

"ஏதும் நடந்தா சொல்லி அனுப்புறேன்மா. போதுமா?"

போய்விட்டாள். மழை அவளுக்கு முன்னாலேயே நாவுலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பிள்ளைகளை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். ‘பஸ் ஏறிட்டேன்’ என்று ஒரு செய்தி வந்தது. அதோடு அவள் போன் செத்துப்போனது. என் கணவர் குடையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினார். அங்கிருந்து கூப்பிட்டார்.

"வழியில மண் சரிஞ்சிருக்காம். ஆனா பஸ்ல எல்லாரும் பத்திரமா இருக்காங்களாம்."

"யாருங்க சொன்னது?"

"இங்க எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா யாரு?"

"எல்லாரும்னா... எல்லாரும்தான். என்னைய ஏன் ஏசுற?"

போனை வைத்த கையோடு அடுத்த மணி அடித்தது. சேவியர் அண்ணன். நாலந்தா என்றால் மண் சரிந்த இடத்துக்கு இந்தப் பக்கம், எங்களைவிடக் கிட்ட. டிலானி அந்த வழியால் வருகிறவள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவளை அவர் நேரில் பார்த்ததில்லை.

"தங்கச்சி! நெஞ்சு வெடிக்குது தங்கச்சி! ஒரு பஸ்ஸ தண்ணி அடிச்சிட்டுப் போயிடுச்சாம். உள்ள ஒரு பொம்பளப் பிள்ள ‘அம்மா, அம்மா’ன்னு கதறித் துடிச்சிச்சாம்!"

எத்தனை கதையில் ‘கதறினாள்’ஐ வெட்டியிருப்பேன். அன்று அது திரும்பி வந்து என் கழுத்தைப் பிடித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது எனக்கு மாதாவும் நினைவுக்கு வரவில்லை, ஜெபமும் வரவில்லை. ஆசிரியரின் கட்டைவிரல்தான் வந்தது. நான் தேடாமல் தானாக வந்தது. ‘கதறித் துடிச்சிச்சாம்’ என்பதை அது மூடியது. மிச்சம் என்ன? ‘அம்மா, அம்மா.’ இப்ப ஆர் கதைக்கிறது அக்கா? யாராகவும் இருக்கலாம். பிள்ளை என்று பிறந்த எதுவும் அதைத்தான் சொல்லும். அந்த இரண்டு சொல்லுக்குள் என் மகள் இருக்கிறாள் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

"அண்ணே, இத உங்களுக்கு யார் சொன்னது?"

"லொறிக்காரன் தங்கச்சி."

"அவன் கேட்டானா, அந்தப் பிள்ள கத்தினத?"

"அவனுக்கு இன்னொரு லொறிக்காரன் சொன்னானாம்."

"அவன் கேட்டானா?"

அண்ணன் பக்கத்திலிருந்து மழைச் சத்தம் மட்டும் வந்தது.

"‘கதறி’ன்னது யாரு அண்ணே? லொறிக்காரனா, நீங்களா?"

"அது..." என்றார். "அது வந்து தங்கச்சி, அவன் ‘கூப்பிட்டிச்சாம்’னுதான் சொன்னான்."

இதற்குள் என் கணவர் நனைந்துபோய் வீட்டுக்கு வந்துவிட்டார். பஸ் நிலையத்தில் அவருக்கும் யாரோ கதறலைச் சொல்லியிருக்கிறார்கள். மோட்டர் சைக்கிளில் போகப்போகிறேன் என்று சாவியைத் தேடினார். வழி நெடுக மண் இறங்கிக்கொண்டிருக்கிறது, மின்கம்பங்கள் சரிந்து கிடக்கின்றன என்று அவர்தான் வந்ததும் சொன்னார். சாவி என் கையில் இருந்தது. அதை அரிசி டின்னுக்குள் போட்டு மூடி, டின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"எழும்பு."

"எழும்ப மாட்டேன்."

"பிள்ள கத்துறாளாம்!"

"கத்தினது யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அத நம்பி நீங்க போனா, பிறகு நான் ரெண்டு பேரைத் தேடணும்."

நான் செய்தது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அவர் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் தெரியாது. டின்மேல் உட்கார்ந்தபடியே சேவியர் அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டேன். என் குரல் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், அண்ணன் பிறகு அதற்கு நிறையப் பெயர்கள் வைத்திருக்கிறார்.

"அண்ணே, கண்ணால பார்த்த ஆள் ஒருத்தர் வேணும். அவ ஏதும் சொல்லியிருந்தா அந்தச் சொல்லு வேணும். அது மட்டும் போதும். நீங்க ஒண்ணும் சேர்க்காதீங்க."

"நான் எங்க தங்கச்சி சேர்க்கிறேன்?"

"அண்ணே."

"சரி. நானே போறேன்."

போனார். ஹாட்வெயார் கடையில் மண்வெட்டிக்கும் கயிற்றுக்கும் பஞ்சமில்லை. இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு, சீமெந்துப் பை மூடும் பொலித்தீனைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அறுபதைத் தாண்டிய மனிதர் அந்த மழையில் நடந்து போனார் என்று பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. அவர் இதைச் சொல்லவில்லை. கதைக்கு நல்ல இடம் என்று அவருக்கே தோன்றவில்லை போலிருக்கிறது.

நானும் என் கணவரும் குசினியில் காத்திருந்தோம். அவர் நிலத்தில், நான் அரிசி டின்னில். போன் எங்கள் நடுவில். அது அடித்தபோது இருவருமே உடனே எடுக்கவில்லை.

"தங்கச்சி" என்றார் சேவியர் அண்ணன். அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. "நான் போய்ப் பார்த்தேன். பஸ் தண்ணியில போகல. மண் சரிஞ்ச இடத்துக்கு அந்தப் பக்கம் நிக்குது. இந்தப் பக்கம் நின்னு ‘மாத்தள டிலானி யாரு’ன்னு கத்திக் கேட்டேன். ஒரு பிள்ள ஜன்னலால தலைய நீட்டிச்சு. அது சொன்னத அப்படியே சொல்றேன். ஒண்ணும் சேர்க்கல."

"சொல்லுங்க அண்ணே."

"‘அம்மாகிட்ட சொல்லுங்க, சொல்லி அனுப்புற மாதிரி ஒண்ணும் நடக்கல. அந்த பிஸ்கட்டத்தான் பஸ்ல ஒருத்தராலயும் கடிக்க முடியல.’"

போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"அப்படின்னு சொன்னா தங்கச்சி" என்றார். "அவ்வளவுதான்."

அழுதாளா, நடுங்கினாளா, சிரித்தாளா என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. எந்த விரலால் எதை மூடினாலும் அந்தப் பேச்சு வேறு யாருடைய வாயிலும் பொருந்தாது. டின்னிலிருந்து எழும்பினேன். என் கணவர் மூடியைத் திறந்து, அரிசிக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்.

அடுத்த நாள் வழியைத் திறந்து விட்டார்கள். டிலானி சேறும் சகதியுமாக வந்து சேர்ந்தாள். ‘அம்மா, அம்மா’ என்று கூப்பிட்டது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. அப்படி ஒரு பிள்ளை இல்லாமலே இருக்கலாம், இரண்டு லொறிக்காரர்களுக்கு நடுவில் பிறந்தவளாக இருக்கலாம். இருந்திருந்தால், அவளுக்கும் எங்கேயோ ஒரு குசினியில் ஒருத்தி காத்திருந்திருப்பாள். அந்த நினைப்பு வந்தால் கையில் இருக்கும் வேலையை வைத்துவிடுகிறேன்.

இனிக் காரியம். அந்த நாளைப் பற்றிச் சேவியர் அண்ணன் ஒரு கதை எழுதி அனுப்பியிருக்கிறார். உங்கள் மேசைக்கு வந்திருக்கும். எனக்குப் போனில் முழுக்க வாசித்துக் காட்டினார். அதில் மழை கர்ஜிக்கிறது, லொறிக்காரன் அலறுகிறான், நான் பக்கத்துக்கு ஒரு தடவை விம்முகிறேன், என் கணவர் "சாவி எங்க?" என்று கொக்கரிக்கிறார். எல்லாவற்றையும் வெட்டுங்கள். அண்ணன் பஸ் ஏறி வருவார். தேத்தண்ணி வாங்கிக் கொடுங்கள், கர்ஜிக்கச் சொல்லாதீர்கள், கீழே கடைக்காரருக்கு வயதாகிவிட்டது.

ஆனால் பஸ் ஜன்னல் வரும் இடத்தில் அவர் ஒன்றும் சேர்க்கவில்லை. அந்த பிஸ்கட் பேச்சும், அதற்குப் பின்னால் வெறுமனே ஒரு ‘என்றாள்’உம் மட்டும்தான். உங்கள் கட்டைவிரல் அதன்மேல் போகும். போகத்தான் வேண்டும், அதுதான் உங்கள் வேலை. மூடிப் பார்த்தால், பேசுவது யார் என்று அது இல்லாமலே தெரிகிறது. வெட்டலாம் என்று சொல்வீர்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

வெட்டாதீர்கள். ஒரு பகல் முழுக்க அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் அரிசி டின்மேல் உட்கார்ந்திருந்தேன். விரலை எடுத்துவிடுங்கள். அது அங்கேயே இருக்கட்டும்.